பன்னிரண்டுக்கு இரண்டு சீட்டுகள்

ஜனவரி 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சுகமாக இருக்கிறோம். அவளுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. நீ எப்படி இருக்கிறாய்? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனை எடுக்க மாட்டேன், கடிதம்தான் எழுதுவேன் என்று நீ அடம்பிடிக்க ஆரம்பித்து இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. உலகத்தில் உன்னை மாதிரி ஒருத்தியை நான் பார்த்ததில்லை. உன் புண்ணியத்தில் தபால்காரர் எங்கள் வாசலை மறக்காமல் இருக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வேதாகமச் சொல்லகராதியில் கிரேக்க எண் சொற்கள் முழுவதையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். தலைமைத் தொகுப்பாளரை உனக்குத் தெரியுமே, யார் எதை எழுதிக் கொடுத்தாலும் "இங்க ஒரு காற்புள்ளி வேணும்" என்பாரே, அவர் ஏற்பாடு. நாங்கள் அவரைக் காற்புள்ளி என்றே கூப்பிடுகிறோம், முதுகுக்குப் பின்னால்தான்.

வேலை முறை இதுதான். ஒரு சொல் எத்தனை இடத்தில் வருகிறதோ அத்தனை சீட்டு எழுத வேண்டும். என் மேசையில் இரண்டு மரத்தட்டுகள் இருக்கின்றன. ஒன்றில் 'கணக்கு' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன், மற்றதில் 'குறி'. எண் வெறும் எண்ணாக நின்றால் முதல் தட்டு. வேறொன்றைச் சுட்டி நின்றால் இரண்டாம் தட்டு.

இப்போது பன்னிரண்டுக்கு வந்திருக்கிறேன். கிரேக்கத்தில் தோதெகா, இரண்டும் பத்தும் சேர்ந்த சொல். எழுபதுக்கு மேல் சீட்டுகள். பன்னிரண்டு கோத்திரம், பன்னிரண்டு சீடர், மீந்துபோன துணிக்கைகள் பன்னிரண்டு கூடை, புது நகரத்துக்குப் பன்னிரண்டு வாசல் எல்லாம் குறித் தட்டுக்குப் போய்விட்டன. பன்னிரண்டு என்றால் நிறைவு, ஒரு ஜனம் குறையில்லாமல் முழுசாக இருப்பது. பகலுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்பது கணக்குத் தட்டு. இரண்டு சீட்டுகள் மட்டும் இரண்டு வாரமாக மேசை நடுவில் கிடக்கின்றன. ஒன்று, பன்னிரண்டு வருஷம் ரத்தப்போக்கில் கஷ்டப்பட்ட பெண். இன்னொன்று, ஜெபக்கூடத் தலைவரின் மகள். செத்துப்போய் எழுப்பப்பட்டவள். அவளுக்குப் பன்னிரண்டு வயது.

என் மகள் வாலுவுக்கும் அந்த மழைநாளில் அதே வயதுதான். அவள் மூச்சு நின்று இரண்டு வருஷமும் சில மாதங்களும் ஆகின்றன. அந்தச் சீட்டை எழுதும்போது என் எழுத்து கோணலாகிவிட்டது, காற்புள்ளி பார்த்துவிட்டுப் புதுச் சீட்டு ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

நீ நர்ஸ். பன்னிரண்டு வருஷம் ரத்தம் போனால் ஒரு பெண் எப்படி இருப்பாள் என்று நாலு வரி எழுது, அடிக்குறிப்புக்குப் பயன்படும்.

அன்புடன்,
அண்ணன்


ஜனவரி 27

அகராதி பிடித்த என் அண்ணாவுக்கு,

தங்கச்சியின் வணக்கம். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். அண்ணியிடம் மாடிப்படி ஏற வேண்டாம் என்று சொல். நீயே துணி காயப்போடு, விரல் தேய்ந்துவிடாது.

கேட்டதை எழுதுகிறேன். அவள் வெளுத்திருப்பாள். உதடு, நகம், கண்ணின் உள்பக்கம் எல்லாம். நாலு படி ஏறினால் நெஞ்சு படபடக்கும். எந்நேரமும் குளிரும். துணியில் கறை பட்டிருக்குமோ என்று உட்கார்ந்து எழும்போதெல்லாம் பின்னால் தடவிப் பார்த்துக்கொள்வாள். யாரும் அதைச் சொல்லித் தர வேண்டாம், கை தானாகப் போகும். கூட்டத்தில் முன்னால் வந்து கேட்காமல், பின்னால் வந்து ஆண்டவருடைய அங்கியின் ஓரத்தைத் தொட்டாளே, அதை எந்த நர்ஸும் புரிந்துகொள்வாள். இதை அடிக்குறிப்பில் போட உன் காற்புள்ளி விடுவாரா என்று தெரியவில்லை.

ஒரு செய்தி. நான் வார்டு வேலையை விட்டுவிட்டேன். இந்த ஊருக்கு வந்ததிலிருந்தே மருந்துக் கிடங்கில்தான் இருக்கிறேன். உன்னிடம் சொல்லவில்லை, நீ ஏன் என்று கேட்பாய் என்பதால். கேட்காதே. அட்டைப்பெட்டிகள் நல்லவை. முனகாது, கையைப் பிடித்து இழுக்காது. எது வந்தது, எது போனது, எது காலாவதியாகிறது என்று எழுதினால் போதும்.

அந்தச் சின்னப் பெண்ணின் சீட்டை வேறு யாரிடமாவது கொடுத்துவிடேன். எல்லாவற்றையும் நீயே தூக்கிச் சுமக்க வேண்டுமா?

அண்ணிக்கு என் அன்பு.

தங்கச்சி


பிப்ரவரி 11

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே சுகம். துணியை நானே காயப்போடுகிறேன், அண்ணி அதை மறுபடி எடுத்து உதறிப் போடுகிறாள். கிடங்கு வேலை பற்றி எனக்கு வருத்தம். கேட்காதே என்றதால் கேட்கவில்லை. ஆனால் உன் கை ராசியான கை என்று பிரசவ வார்டே சொல்லும், அதை அட்டைப்பெட்டிக்குக் கொடுத்தது அநியாயம்.

உன் நாலு வரியைக் காற்புள்ளியிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். "இவங்கள இங்க வேலைக்கு வரச் சொல்லு" என்றார்.

அந்தச் சீட்டை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன். நான்தான் எழுத வேண்டும்.

வேதத்துக்கு உரை எழுதிய பெரியவர்கள் சொல்லியிருப்பதை எல்லாம் படித்துவிட்டேன். இரண்டு பன்னிரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன என்கிறார்கள். அந்தச் சிறுமி பிறந்த வருஷம் இந்தப் பெண்ணுக்கு ரத்தம் போக ஆரம்பித்திருக்கிறது. ஒருத்தி வளர வளர இன்னொருத்தி வற்றியிருக்கிறாள். இருவரும் சேர்ந்து அந்த ஜனம் முழுவதையும் குறிக்கிறார்கள் என்பது அவர்கள் முடிவு. அழகாகத்தான் இருக்கிறது. குறித் தட்டில் போட்டுவிட்டு அடுத்த எண்ணுக்குப் போயிருக்கலாம்.

ஆனால் எனக்கு வேறு ஒன்று உறுத்துகிறது. மகள் சாகக் கிடக்கிறாள் என்று தகப்பன் வந்து காலில் விழுகிறான். ஆண்டவரும் கிளம்பிவிட்டார். வழியில் இந்தப் பெண் தொடுகிறாள். அவர் நின்றுவிடுகிறார். யார் தொட்டது என்று கேட்கிறார், அவள் கதை முழுவதையும் நின்று கேட்கிறார். அதற்குள் வீட்டிலிருந்து ஆள் வந்து, மகள் செத்துவிட்டாள், இனி எதற்கு அவரைத் தொந்தரவு செய்கிறீர் என்கிறான். அந்த நேரம் முழுக்க அந்தத் தகப்பன் பக்கத்திலேயே நிற்கிறான், தங்கச்சி. அவன் என்ன சொன்னான் என்று ஒரு எழுத்தும் இல்லை.

நானாக இருந்தால் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போயிருப்பேன். பன்னிரண்டு வருஷம் பொறுத்தவளால் இன்னும் அரை மணி நேரம் பொறுக்க முடியாதா? யாரும் இதைக் கேட்கவில்லை. நீ நோயாளிகளோடு இருந்தவள், நீ சொல். உயிர் போய்க்கொண்டிருக்கும் பிள்ளையிடம் போகிற ஆள் வழியில் நிற்கலாமா?

உடனே பதில் எழுது. இந்த மாதக் கடைசியில் தோதெகாவை முடித்துக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 20

தங்கச்சிக்கு,

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. உடம்புக்கு என்ன? தோதெகாவுக்குக் கெடு வாங்கிக்கொண்டேன், அது பெரிய விஷயமில்லை. நீ ஒரு வரி எழுதிப் போடு. அண்ணி தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, என்னிடம் காட்டாமல் மூடுகிறாள். நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா?

அண்ணன்


மார்ச் 29

அன்புள்ள அண்ணா,

பயப்படாதே. காய்ச்சல். இப்போது பரவாயில்லை, கஞ்சி குடித்துக் குடித்து வாய்தான் செத்துவிட்டது. அண்ணியிடம் என்னைத் திட்ட வேண்டாம் என்று சொல்.

கிடங்கில் போன வாரம் இரண்டாயிரம் கையுறைகள் வந்தன, எல்லாம் இடது கைக்கு. மேலாளர் என்னிடம் வந்து, "வலது கைக்கு எப்பவாவது வரும், எடுத்து வைங்க" என்றார். வாலு இருந்திருந்தால் அந்த ஆள் மாதிரி நடித்துக் காட்டியிருப்பாள். தனியாகவே உட்கார்ந்து சிரித்தேன், பிறகு அழுதேன்.

நீ கேட்டதற்குப் பதில். பன்னிரண்டு வருஷம் பொறுத்தவள் இன்னும் அரை மணி நேரம் பொறுப்பாள். நீ சொல்வது சரி. எல்லாராலும் அப்படிப் பொறுக்க முடியாது, அவ்வளவுதான். இரண்டு சீட்டுகளையும் குறித் தட்டில் போட்டுவிடு அண்ணா. பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மனுஷர்களாகப் பார்க்க ஆரம்பித்தால் யாராலும் தாங்க முடியாது.

தங்கச்சி


ஏப்ரல் 14

அன்புள்ள தங்கச்சிக்கு,

காய்ச்சல் போனது கேட்டு நிம்மதி. பழமாவது வாங்கிச் சாப்பிடு. இடது கைக் கையுறைக் கதையை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள், ரொம்ப நாளைக்குப் பிறகு.

குறித் தட்டில் போடத்தான் பார்த்தேன், கை வரவில்லை. காரணம் சொல்கிறேன். இந்தக் கதையை மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் வயதையே சொல்லவில்லை. ஒருவர் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். மாற்கு மட்டும், அவளைக் கைபிடித்துத் தூக்கி, அவள் எழுந்து நடந்த பிறகு, அப்போதுதான் பன்னிரண்டு வயது என்கிறார். அதற்கடுத்து, அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்று ஆண்டவர் சொல்கிறார். கதை அங்கே முடிகிறது. உன் அண்ணி சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "சாப்பிடக் குடுக்கச் சொன்னாரா? அப்ப அவளுக்குப் பசிச்சிருக்கு" என்றாள். பிறகு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆண்டவர் தாமதமாக வந்தாலும் காரியம் கெடவில்லை. அதனால்தான் தகப்பன் பேசாததை யாரும் கேட்பதில்லை. நமக்கு அப்படி நடக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒன்று சொல்ல வேண்டும், நேரில் சொல்லியிருக்க வேண்டியது. அன்றைக்கு நீ தாமதமாக வந்ததற்கு நான் உன்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஊரெல்லாம் வெள்ளம், ஆம்புலன்ஸ்காரர்களே ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். வாலுவுக்கு மூச்சிரைப்பு, கரண்ட் இல்லாமல் வீட்டு நெபுலைசர் ஓடவில்லை. நீ பேட்டரி மெஷினையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு கிளம்பியதே பெரிது. டயர் பஞ்சராவது யார் கையிலும் இல்லை. அதை நினைத்துக்கொண்டுதான் நீ வீட்டுப்பக்கமே வராமல் இருக்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. போதும். ஜூன் மாதம் இந்தத் தொகுதி அச்சுக்குப் போகும். அப்போது வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போ.

அன்புடன்,
அண்ணன்


மே 2

அண்ணா,

நீயும் அண்ணியும் நன்றாக இருக்க வேண்டும். இதைப் படிக்கும்போது அண்ணி பக்கத்தில் இருந்தால், முதலில் நீ தனியாகப் படி.

டயர் பஞ்சராகவில்லை.

நீ போன் செய்ததும் ஐந்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டேன். மதியம் மூன்று மணி இருக்கும். தண்ணீர் முழங்கால் வரைக்கும் ஓடியதால் பாலம் வழியாக வந்தேன். பாலத்தின் மேல் ஒரு வேன் நின்றிருந்தது. ஒருவன் நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டினான். நான் வண்டியை ஒதுக்கிக்கொண்டு தாண்டப் பார்த்தேன், சத்தியமாகத் தாண்டப் பார்த்தேன். என் வெள்ளை யூனிஃபார்மைப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், என் பொண்டாட்டி சாகுறா"ன்னு வண்டியின் முன்னால் விழுந்தான்.

வேனுக்குள் அவள் கிடந்தாள். குழந்தை வண்டியிலேயே பிறந்து, ஒரு கிழவி மடியில் அழுதுகொண்டிருந்தது. ரத்தம் நின்றபாடில்லை. வேன் தரை முழுக்க ரத்தம், கதவு இடுக்கு வழியாக மழைத் தண்ணீரில் கலந்துகொண்டிருந்தது. ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று ஏறினேன். அந்த ரத்தத்தை நிறுத்த ஒரே வழிதான் இருந்தது. ஒரு கை உள்ளே, ஒரு கை அடிவயிற்றின் மேல், நடுவில் கர்ப்பப்பையை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்தேன், நின்றது. கையை எடுத்தால் மறுபடி கொட்டும். அதற்குமேல் நான் எப்படிக் கையை எடுப்பேன், சொல்.

அப்போதுதான் பையில் போன் அடித்தது. நீதான் என்று தெரியும். முழு ரிங்கும் போய் நின்றது. மறுபடி அடித்தது. நான்கு தடவை. ஆம்புலன்ஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டபோது நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது.

இன்னொன்று இருக்கிறது. இதைத்தான் என்னால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. மெஷினும் மருந்தும் என் பையில் இருந்தன. அண்ணிக்கு அதைப் போடத் தெரியும். அந்தக் கணவனிடம் என் வண்டிச் சாவியையும் பையையும் கொடுத்து, உன் வீட்டு அடையாளம் சொல்லி அனுப்பியிருந்தால் பத்து நிமிஷத்தில் வந்து சேர்ந்திருக்கும். அந்த யோசனை எனக்கு மறுநாள்தான் வந்தது, வாலுவைக் குழிக்குள் இறக்கும்போது. அண்ணா, அவன் சும்மாதான் நின்றுகொண்டிருந்தான்.

உன் வீட்டு வாசலுக்கு வந்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் வாயில் டயர் வந்தது. போனில் சார்ஜ் இல்லை என்றும் சொன்னேன். சட்டையில் இருந்த ரத்தத்தை மழையில் வரும்போதே கழுவியிருந்தேன்.

நிற்கலாமா என்று கேட்டிருந்தாய். நான் நின்றேன். சாகிறவர்களை எழுப்ப எனக்குத் தெரியாது என்று தெரிந்தும் நின்றேன்.

இனி நீ என்னைத் தங்கச்சி என்று எழுதுவாயோ என்னவோ. நான் அப்படியே கையெழுத்துப் போடுகிறேன்.

தங்கச்சி


ஜூன் 6

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. உன் உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே சுகம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

உன் கடிதம் வந்த அன்று உன் அண்ணன் அதை ஆபீஸ் படியில் உட்கார்ந்து படித்திருக்கிறார். அங்கேயே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம், அந்தக் காற்புள்ளிப் பெரியவர்தான் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டி வந்தார். நாலு நாள் என்னிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கடிதத்தை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து அவர் வேலைக்குப் போகவில்லை.

நான் ஒளிக்காமல் எழுதுகிறேன். உன்னைத் திட்டினேன். கையில் கிடைத்ததை எல்லாம் போட்டு உடைத்தேன். பெற்றவள், வேறென்ன செய்வேன்? அந்தப் பையை மட்டும் அனுப்பியிருந்தால் என்று நினைக்கும்போது இப்போதும் வயிறு எரிகிறது, எழுதிக்கொண்டிருக்கிற இந்த நிமிஷமும் எரிகிறது. ஆனால் நேற்று ஒன்று தோன்றியது. அன்றைக்கு வாலு நன்றாக இருந்து உன் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்திருந்தால், "அத்தை, நிறுத்து நிறுத்து"ன்னு உன் முதுகில் குத்தியிருப்பாள். அடிபட்ட நாயைக் கண்டாலே தாண்டிப் போக விடாதவள். உனக்குத் தெரியாததா?

இது எனக்குத்தான் தோன்றியது. உன் அண்ணனுக்குத் தோன்றுமா என்று தெரியாது. இப்போதைக்கு நீ வர வேண்டாம், எழுதவும் வேண்டாம். அவராக எழுதட்டும்.

சாப்பிடாமல் கிடக்காதே.

அண்ணி


ஜூலை 19

தங்கச்சிக்கு,

சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

போனில் சார்ஜ் இல்லை என்று நீ சொன்னது பொய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். சார்ஜ் இல்லாத போன் நான்கு தடவை முழு ரிங் போகாது. கிளம்பும்முன் டியூட்டி அசதியில் கண்ணயர்ந்துவிட்டாய், வெட்கப்பட்டுக்கொண்டு டயர் கதை சொல்கிறாய் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அதை மன்னித்துவிட்டேன். நிஜமாகவே மன்னித்தேன், ஒரு வருஷம் பிடித்தது. தூக்கத்தை யாரும் வேண்டுமென்று வரவழைப்பதில்லை.

இது அப்படி இல்லை. நீ கண்ணை முழித்துக்கொண்டு, என் போன் அடிப்பது காதில் விழ, இன்னொருத்தியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். இதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் என்னால் முடியவில்லை.

அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று உனக்குத் தெரியுமா? தெரிந்தால் எழுது. வேறெதுவும் எழுதாதே.

அண்ணன்


ஜூலை 30

அண்ணாவுக்கு,

அவள் சட்டை தைக்கும் கம்பெனியில் பித்தான் பகுதியில் வேலை செய்கிறாள். பாலம் தாண்டி இடது பக்கம் மூன்றாவது சந்து, பச்சைக் கதவு, மாடி. பழைய ஆஸ்பத்திரிக்கு என்னைத் தேடி மூன்று தடவை வந்து, விலாசம் எழுதி வைத்துவிட்டுப் போனாளாம். நான் அவள் வீட்டுக்குப் போனதே இல்லை.

வேறெதுவும் எழுதாதே என்றாய். ஒன்றே ஒன்று எழுதுகிறேன். அவளுக்கு வாலுவைப் பற்றித் தெரியாது. உன் கோபம் முழுவதும் என்னோடு இருக்கட்டும், அண்ணா. அவளிடம் சொல்லிவிடாதே.

தங்கச்சி


செப்டம்பர் 15

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நீ நலமாக இருக்கிறாயா? உன் அண்ணிக்கு முழங்கால் தேவலை. நான் மறுபடி வேலைக்குப் போகிறேன்.

பச்சைக் கதவு வீட்டுக்குப் போனேன். ஆகஸ்டில் இரண்டு தடவை சந்து முனை வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். மூன்றாம் தடவை ஏறினேன். எதற்குப் போனேன் என்று உண்மையைச் சொல்கிறேன். அவளிடம் சொல்லத்தான் போனேன். எங்கள் வீட்டில் என்ன போயிற்று என்று ஒருத்திக்காவது தெரியட்டும் என்று.

கதவைத் திறந்தது அந்தக் குழந்தை. பெண் குழந்தை, மூன்று வயது ஆகப்போகிறது. ஒரு காலில் மட்டும் சாக்ஸ். "அம்மா, யாரோ தாத்தா" என்று கத்திவிட்டு உள்ளே ஓடியது. ஐம்பது வயதுக்குள் என்னைத் தாத்தாவாக்கிவிட்டது. ஒரே அறை. தையல் மெஷின் மேல் பித்தான் டப்பாக்கள், ஜன்னல் கம்பியில் குட்டிக் கவுன்கள் காய்ந்துகொண்டிருந்தன. நான் நர்ஸின் அண்ணன் என்றதும் அந்தப் பெண் முந்தானையால் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அப்புறம் நான் ஒரு வார்த்தை பேச அவள் இடம் கொடுக்கவில்லை.

"அவங்கள ஒரு தடவ பாக்கணும்னு அலையாத எடமில்ல" என்றாள். "அன்னிக்கு எனக்கு அரை மயக்கம். ஆனா ஒண்ணு நல்லா ஞாபகம் இருக்கு. அவங்க போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. எடுங்கக்கான்னு நானே சொன்னேன். எடுக்கல. அழுதுக்கிட்டே என்னைய அமுக்கிப் புடிச்சிருந்தாங்க. தேம்பித் தேம்பி அழுதாங்க, கை மட்டும் அசையல. முன்னப் பின்ன தெரியாத எனக்காக எதுக்கு அப்படி அழுதாங்கன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள், நான் பதில் சொல்வேன் என்று. சொல்ல என்னால் முடியும். அந்த நேரத்தில் குழந்தை ஒரு தட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, தன் பங்கிலிருந்து ஒரு ரொட்டித் துண்டை எனக்குக் கொடுத்தது. நான் சொல்லவில்லை. சொன்னால் அவள் ஆயுசுக்கும் அந்தப் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் இன்னொரு பிள்ளையையும் சேர்த்துப் பார்ப்பாள். "என் தங்கச்சி அப்படித்தாம்மா, எல்லாத்துக்கும் அழுவா" என்றேன். நீ இரண்டு வருஷமாகச் சொன்ன பொய்யைப் போல நானும் ஒன்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். பாலத்தின் நடுவில் கொஞ்ச நேரம் நின்று அழுதேன்.

இந்தக் குழந்தை பிறந்த நாளில் வாலு போனாள் என்று என் மூளை இதையும் ஒரு குறியாக்கப் பார்த்தது. வேண்டாம் என்று அடக்கிவிட்டேன். மறுநாள் தோதெகாவை முடித்துக் கொடுத்தேன். அந்த இரண்டு சீட்டுகளும் கணக்குத் தட்டுக்குப் போயின. ஒன்றுக்கு நான் எழுதிய விளக்கம் இவ்வளவுதான்: 'இங்கே பன்னிரண்டு என்பது எதையும் குறிக்கவில்லை. அது அந்தப் பெண்ணின் வயது.' காற்புள்ளி படித்துவிட்டு, எதையும் சேர்க்காமல் அச்சுக்கு அனுப்பினார்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. வருமா என்றும் தெரியாது. அந்தப் பையை நினைக்காத நாள் இல்லை. ஆனால் நீ அவளை விட்டுவிட்டு வந்திருந்தால், எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது யாராக இருந்திருக்கும் என்றும் யோசிக்கிறேன். அது நீயாக இருந்திருக்காது.

கிடங்கு வேலையை விட்டுவிடு. வார்டுக்குப் போ. அதற்கு முன்னால் இங்கே வந்துவிட்டுப் போ. அண்ணி உனக்குக் கட்டில் போட்டுவிட்டாள். வந்ததும் நான் உன்னோடு எப்படிப் பேசுவேன் என்று எனக்கே தெரியவில்லை, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

வருகிற வழியில் யாராவது கையைக் காட்டினால் நின்று பார்த்துவிட்டு வா. நாங்கள் காத்திருக்கிறோம்.

அண்ணன்